நூற்றுக்கு 35 போதுமா?

அமெரிக்காவின் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டின் தேசியக் குழு உறுப்பினர்களுக்கும், வேட்பாளர் தேர்வு விதிகளை எழுதும் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் வசிக்கும் ஒரு வாக்காளர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இங்கே குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. இந்த மடலை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பப் போகிறேன். ஆனால் முதலில் தமிழில்தான் எழுத வருகிறது. வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்து நிற்கும் பெற்றோர்கள், நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி இதுதான். நாட்டில் பாதிப் பேர் கொண்டாடுகிற, மீதிப் பாதிப் பேர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற ஒருவர், தன் கட்சியின் வேட்பாளராக முடியுமா? அப்படி வேட்பாளராகிவிட்டாலும், ஜனாதிபதியாக வர முடியுமா?

என்னிடம் இதை முதலில் கேட்டவர் என் பக்கத்து வீட்டுக்காரர். 2016 மார்ச் 1, சூப்பர் செவ்வாய்; கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி வாக்கெடுப்பைப் பல மாநிலங்கள் ஒரே நாளில் நடத்தும் நாள். எங்கள் வாக்குச்சாவடி ஓர் ஆரம்பப் பள்ளியின் விளையாட்டுக் கூடம். வர்ஜீனியாவில் வாக்காளர் எந்தக் கட்சிக்காரர் என்று பதிவு செய்து வைப்பதில்லை. அதனால் மேசையில் இருக்கும் அலுவலர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும்?" என்று கேட்பார். நான் ஜனநாயகக் கட்சியின் சீட்டைக் கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற அவர் குடியரசுக் கட்சியின் சீட்டைக் கேட்டார். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். வாழ்நாள் முழுக்க அந்தக் கட்சிக்கே வாக்களித்தவர். அவர் சீட்டில் பெயர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. பத்து நாளுக்கு முன்பே போட்டியை விட்டு விலகிவிட்ட ஜெப் புஷ்ஷின் பெயர்கூட அதில் இருந்தது. அத்தனை பெயருக்கும் ஒரே ஒரு வட்டத்தைத்தான் கறுப்பாக்கலாம். அவர் ஜான் கேசிக்கின் வட்டத்தைக் கறுப்பாக்கி, எண்ணும் இயந்திரத்தின் வாயில் சீட்டைச் செருகிவிட்டு வந்தார்.

வாகன நிறுத்துமிடத்தில் நின்று கேட்டார்: "டிரம்ப் எங்கள் வேட்பாளராகவும் வந்து, ஜனாதிபதியாகவும் வர முடியும் என்று நினைக்கிறாயா?"

"முடியவே முடியாது" என்றேன். அன்றைக்கு என்னைப் போலவே தொலைக்காட்சியில் பேசியவர்களில் பலரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் ஆளைப் பார்த்தோம். விதியைப் பார்க்கவில்லை.

அன்று இரவு வர்ஜீனியாவின் முடிவு வந்தது. டிரம்ப் 34.8 சதவீதம், மார்கோ ரூபியோ 32, டெட் குரூஸ் ஏறத்தாழ 17, கேசிக் 9.5, பென் கார்சன் 6 சதவீதத்துக்கு அருகில். எங்கள் ஃபேர்ஃபாக்ஸில் ரூபியோதான் முந்தியிருந்தார். ரூபியோ, கேசிக் இருவருக்கும் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி யோசிப்பவர்கள் என்று என் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கே ரூபியோ இரண்டாவது விருப்பம். ஆனால் "கேசிக் இல்லாவிட்டால் ரூபியோ" என்று எழுத அந்தச் சீட்டில் இடம் இல்லை. மாநிலத்தின் குடியரசுக் கட்சி வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேறு யாரையோ விரும்பினார்கள். மறுநாள் செய்தியில் அது "டிரம்ப் வர்ஜீனியாவை வென்றார்" என்று ஆகிவிட்டது.

வர்ஜீனியாவிலாவது பேராளர்களை, அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகளை, வாக்கு விகிதப்படி பிரித்துக் கொடுத்தார்கள். பிப்ரவரி 20இல் தெற்கு கரோலினாவில் நடந்ததைப் பாருங்கள். 32.5 சதவீத வாக்கு வாங்கிய டிரம்ப்புக்கு 50 பேராளர்களில் 50 பேரும் போனார்கள். மார்ச் 15இல் புளோரிடா: 45.7 சதவீதத்துக்கு 99 பேராளர்களும். கட்சியின் வேட்பாளராக வேண்டிய பேராளர் எண்ணிக்கை 1,237. அதை நோக்கிய ஓட்டத்தில் இந்த இரண்டு மாநிலங்கள் மட்டும் 149 கொடுத்துவிட்டன. டிரம்ப் ஒரு மாநிலத்தில் முதல்முதலாகப் பாதிக்கு மேல் வாக்கு வாங்கியது ஏப்ரல் 19ஆம் தேதி, தன் சொந்த மாநிலமான நியூயார்க்கில். அதற்குள் போட்டி தொடங்கி இரண்டரை மாதம் ஓடிவிட்டது. எதிரில் மிஞ்சியிருந்தது குரூஸும் கேசிக்கும் மட்டும். மொத்தக் கணக்கில் அவர் 1 கோடியே 40 லட்சம் வாக்குகள் வாங்கினார். அந்தக் கட்சியின் பிரைமரிகளில் அதுவரை யாரும் வாங்காத எண்ணிக்கை அது. அதுகூட 45 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. விதிப்படி விளையாடி வென்றார். அதனால்தான் இந்த மடல் அவருக்கு எழுதப்படவில்லை. விதியை எழுதும் உங்களுக்கு எழுதுகிறேன்.

"சரி, வேட்பாளரானால் என்ன, பொதுத் தேர்தலில் மக்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அதற்கு ஆதாரமும் இருந்தது. 1964இல் குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டர். சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் மிதவாதிகளின் தலைவரான நெல்சன் ராக்கஃபெல்லரைப் பேசவிடாமல் கூச்சல் போட்டது அவருடைய ஆதரவாளர் கூட்டம். சுதந்திரத்தைக் காக்கத் தீவிரமாக இருப்பது குற்றமில்லை என்று அதே மேடையில் அவர் முழங்கினார். நவம்பரில் லிண்டன் ஜான்சனுக்கு 61 சதவீதம். கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை ஆறே மாநிலங்கள். 1972இல் ஜனநாயகக் கட்சியின் பக்கம் ஜார்ஜ் மெக்கவர்ன். அவருக்கு மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும். இந்த இரண்டு தோல்விகளும் இரண்டு தலைமுறைக்குப் பாடமாகச் சொல்லப்பட்டன. ஓரத்தில் நிற்பவரை நிறுத்தினால் கட்சி மண்ணைக் கவ்வும் என்பது அந்தப் பாடம்.

அந்தப் பாடம் காலாவதியாகிவிட்டது. 1964இல் ஏராளமான குடியரசுக் கட்சிக்காரர்கள் கூச்சமில்லாமல் ஜான்சனுக்கு வாக்களித்தார்கள். இன்றைக்கு அப்படித் தாண்டி வருபவர்கள் அருகிவிட்டார்கள். 1984இல் ரீகன் 58.8 சதவீதம் வாங்கியதோடு சரி. அதற்குப் பிறகு எந்தக் கட்சியிலும் எந்த ஜனாதிபதி வேட்பாளரும் 55ஐக்கூடத் தொட்டதில்லை. யாரை நிறுத்தினாலும் கட்சியின் அடித்தளம் ஏறக்குறைய 46 சதவீதத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. டிரம்ப்பின் மூன்று தேர்தல்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: 46.1, 46.8, 49.8. முதலாவதில் எதிராளியைவிட ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் குறைவாக வாங்கியே ஜெயித்தார்; ஜனாதிபதியை முடிவு செய்வது மொத்த வாக்கு இல்லை, மாநிலவாரியாகத் தேர்வாகும் தேர்வாளர் குழு. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மொத்தமாக 80 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசம் போதுமாக இருந்தது. இரண்டாவதில் 70 லட்சம் வாக்கு பின்தங்கித் தோற்றார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 43 ஆயிரம் வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தால் தேர்வாளர் குழுவில் 269க்கு 269 என்று வந்து நின்றிருக்கும். மூன்றாவதில் 312க்கு 226 என்று வென்றார்.

ஆக, இன்றைய அமெரிக்காவில் ஒரு பெரிய கட்சியின் வேட்பாளராகிவிட்டாலே வெள்ளை மாளிகைக்கு முக்கால் தூரம் வந்தாயிற்று. மீதிக் கால் தூரத்தை விலைவாசியும் ஐந்தாறு மாநிலங்களும் முடிவு செய்கின்றன. அப்படியென்றால் உண்மையான வாசல் எது? பிரைமரிதான். அந்த வாசலின் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

என் பக்கத்து வீட்டுக்காரர் நவம்பரில் யாருக்கு வாக்களித்தார் என்று கேட்பீர்கள். டிரம்ப்புக்கு. மார்ச் மாதம் பிடிக்காதவரைப் பற்றி நவம்பரில் என்னிடம் சொன்னார்: "உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்காலியாவின் நாற்காலி காலியாக இருக்கிறது. அதை ஹிலரியின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை." ஸ்காலியா இறந்தது அந்த வருஷம் பிப்ரவரியில், ஜனாதிபதி ஆள் நியமிக்கும் அந்த இடம் தேர்தல் வரை நிரப்பப்படவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் அப்படித்தான் செய்தார்கள். அதோடு, ஹிலரி கிளின்டனையும் நாட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. அன்றைய வாக்குச்சாவடிக் கருத்துக் கணிப்பில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றே குறைந்தவர்கள் இருவரையுமே பிடிக்கவில்லை என்றார்கள். அவர்களில் அதிகம் பேர் டிரம்ப் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு கட்சியும் பிரிக்கும் முகங்களை நிறுத்தினால் வாக்காளர் என்ன செய்வார்? எது குறைந்த வலி என்று பார்த்துத்தான் கை வைப்பார்.

ஜனநாயகக் கட்சிக்காரர்களே, இது அவர்கள் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். 2020 பிப்ரவரியில் நீங்களும் இதே விளிம்பில் நின்றீர்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் களமிறங்கிய போட்டி அது. நியூ ஹாம்ப்ஷயரில் பெர்னி சாண்டர்ஸ் 25.6 சதவீதத்தோடு முதலிடம். ஜோ பைடன் அங்கே ஐந்தாவது இடம். அப்புறம் என்ன நடந்தது? பிப்ரவரி 26இல் தெற்கு கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு சொன்னார். 29ஆம் தேதி அந்த மாநிலத்தில் பைடன் 48 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். மார்ச் 1இல் பீட் பூட்டிஜெஜ் விலகினார், 2இல் ஏமி குளோபுசார் விலகினார், 3ஆம் தேதி சூப்பர் செவ்வாய். இரண்டு வேட்பாளர்கள் இரண்டே நாளில் எடுத்த முடிவால் களம் திரும்பியது. அவர்கள் இன்னும் ஒரு வாரம் பிடிவாதமாக நின்றிருந்தால்? சாண்டர்ஸ் நல்லவரா கெட்டவரா என்பது வேறு பேச்சு. அவருடைய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு நானே கைதட்டியிருக்கிறேன். இத்தனை பெரிய கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இரண்டு பேரின் மனமாற்றத்திடம் ஒப்படைக்கலாமா என்பதுதான் என் கேள்வி. முன்கூட்டியே தபாலில் வாக்களித்த எத்தனையோ பேரின் சீட்டுகள், விலகிவிட்டவர்களின் பெயர்களோடு வீணாகிப்போயின.

மேலிருந்து தடுப்பதும் நல்ல வழி இல்லை. அதையும் நீங்கள் செய்து பார்த்துவிட்டீர்கள். 1968இல் ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹியூபர்ட் ஹம்ப்ரியைச் சிகாகோ மாநாட்டில் தலைவர்கள் வேட்பாளராக்கினார்கள்; வெளியே தெருவில் தடியடி நடந்தது. அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் இன்றைய பிரைமரி விதிகள். பிறகு 1980களில் 'சூப்பர் பேராளர்கள்' என்று கட்சிப் பிரமுகர்களுக்குத் தனி வாக்கு கொடுத்தீர்கள். 2016இல் அது சாண்டர்ஸ் ஆதரவாளர்களின் மனதில் ஆறாத புண்ணாகி, 2018இல் முதல் சுற்றில் அவர்களின் வாக்குரிமையை நீங்களே எடுத்தீர்கள். மக்கள் வாயை அடைத்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால், தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவ்வளவு நல்லவரானாலும் அந்தக் கறை போகாது. அதனால் நான் கேட்பது மக்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேச இடம்: சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் உரிமை. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு வாக்களித்தவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவது.

இது கற்பனைச் சரக்கு இல்லை. எங்கள் வர்ஜீனியாவிலேயே நடந்தது, அதுவும் குடியரசுக் கட்சி நடத்தியது. 2021 மே 8ஆம் தேதி ஆளுநர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலமெங்கும் 39 இடங்களில் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏழு பேர் போட்டி. மாநில செனட்டர் அமண்டா சேஸ் அதில் ஒருவர். தன்னைக் குதிகால் செருப்பு போட்ட டிரம்ப் என்று சொல்லிக்கொண்டவர்; அந்த ஜனவரியில்தான் செனட் சபை அவருக்குக் கண்டனத் தீர்மானம் போட்டிருந்தது. வழக்கமான பிரைமரி வைத்தால் வாக்கு சிதறி, மூன்றில் ஒரு பங்கோடு அவர் வந்துவிடுவார் என்ற பயம் கட்சிக்குள் வெளிப்படையாகவே பேசப்பட்டது. விருப்ப வரிசைச் சீட்டு கொடுத்தார்கள். கிளென் யங்கின் முதல் சுற்றில் ஏறத்தாழ 33 சதவீதத்தோடு முன்னால் நின்றார். ஆறாவது சுற்றில் பாதியைத் தாண்டி வேட்பாளரானார். சேஸுக்கு மூன்றாவது இடம். நவம்பரில் யங்கின் ஆளுநர் தேர்தலை வென்றார். மாநிலம் தழுவிய தேர்தலில் பன்னிரண்டு வருஷமாக வெற்றியையே பார்க்காத கட்சி அது. நான் அவருக்கு வாக்களிக்கவில்லை. அவரது கொள்கைகளில் பலவும் எனக்கு ஒத்துவராது. ஆனால் அவர் தன் கட்சியில் எல்லாப் பக்கத்தாரிடமும் "என்னை உங்கள் இரண்டாவது விருப்பமாகவாவது போடுங்கள்" என்று கேட்டு வரவேண்டியிருந்தது. எதிராளியின் ஆதரவாளரிடம் இரண்டாவது வாக்கு கேட்கப் போகிறவர், முதல் நாளே அந்த எதிராளியைத் துரோகி என்று திட்ட முடியாது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஜனநாயகக் கட்சியும் தொட்டுப் பார்த்திருக்கிறது. 2020இல் அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் ஆகிய மாநிலங்களில் கட்சியே நடத்திய வாக்கெடுப்புகளில் விருப்ப வரிசைதான். 15 சதவீதத்தைத் தொடாதவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு நகர்ந்தன. நாடு இடிந்து விழவில்லை.

எனக்கு இந்த முறை புதிதும் இல்லை. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலே இப்படித்தான். 1982இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்து, சீட்டில் 1, 2, 3 போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களின் விருப்பு வாக்குகளை எண்ணுவார்கள். பிறந்த ஊரின் பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அந்த முறையின் குறையையும் நான் அங்கேதான் பார்த்தேன்.

2019ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 35 வேட்பாளர்கள், இரண்டு அடிக்கும் மேல் நீளமான சீட்டு. கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீதம் வாங்கி முதல் எண்ணிக்கையிலேயே வென்றுவிட்டார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 6 சதவீதம் சொச்சம். எதிராளி சஜித் பிரேமதாசவுக்கு 84க்கு அருகில். வரைபடத்தில் நாடு இரண்டு நிறமாகக் கிழிந்து கிடந்தது. அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்காலேயே வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்ததாகப் புதிய ஜனாதிபதி சொன்னார். தொலைக்காட்சியில் அதைக் கேட்ட என் அப்பா எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. பெரும்பான்மை ஒரே பக்கம் திரண்டுவிட்டால் எந்த விருப்ப வரிசையும் பிளவை ஆற்றிவிடாது. இதை மறைத்துவிட்டு உங்களிடம் நான் எதுவும் கேட்கக் கூடாது. அந்த ஜனாதிபதி 2022 ஜூலையில் நாட்டை விட்டுத் தப்பிப் போனார். அவரைத் துரத்தியவர்களில் அவருக்கு வாக்களித்தவர்களும் இருந்தார்கள்.

2024 செப்டம்பரில் வேறு விதமாக நடந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், சஜித்துக்கு 32.76. யாருக்கும் பாதி இல்லை. இலங்கை வரலாற்றில் முதல்முறையாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 லட்சத்துக்கும் மேல். அவற்றில் அநுரவுக்குப் போன விருப்பு வாக்குகள் 1,05,264, சஜித்துக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2 லட்சத்து 73 ஆயிரம். நூற்றில் எட்டுப் பேரின் சீட்டு மட்டுமே அடுத்த சுற்றில் பேசியிருக்கிறது. மற்றவர்கள் ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது வெளியேறிப் போனவர்களுக்கே அடுத்த எண்ணையும் போட்டார்கள்.

ஏன் என்று கொக்குவிலில் இருக்கும் மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஒண்டு போட்டால் காணும் எண்டுதான் பிள்ளை எல்லாரும் சொன்னவை. ரெண்டு, மூண்டு எண்டு போட்டால் சீட்டுப் பழுதாப் போடும் எண்டு எனக்குப் பயம்" என்றார். நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சட்டத்தில் இருக்கிற உரிமை அது. மாமி ஓய்வு பெற்ற ஆசிரியை. அவருக்கே அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

ஆகவே விதியை மாற்றினால் மட்டும் போதாது. வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு உங்களிடம் பணம் இருக்கிறது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் என் தபால் பெட்டி நிறைய நீங்கள் அனுப்பும் வண்ண வண்ணத் துண்டு அட்டைகளில் ஒன்றிரண்டில் மாதிரிச் சீட்டை அச்சிட்டு அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எதிர்ப்பு இருப்பதும் எனக்குத் தெரியும். புளோரிடாவும் டென்னசியும் 2022இல் இந்த முறையைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டன. 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் வாக்காளர்கள் வேண்டாம் என்று சொன்னார்கள். பிரைமரிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது மாநில அரசு, கட்சி இல்லை என்று நீங்களும் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் பேராளர்களை எப்படிப் பங்கிடுவது என்பது உங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. பாதியைத் தொடாதவருக்கு ஒரு மாநிலத்தின் எல்லாப் பேராளர்களையும் கொடுக்கக் கூடாது என்று குடியரசுக் கட்சி ஒரே ஒரு வரி எழுதலாம். சில மாநிலங்களில் உங்கள் கிளைகளே ஏற்கெனவே அப்படித்தான் வைத்திருக்கின்றன. கட்சியே நடத்தும் காக்கஸ் என்னும் வாக்காளர் கூட்டங்களிலும் மாநாடுகளிலும் விருப்ப வரிசைச் சீட்டு கொடுக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சட்டம் இடம் கொடுக்கும் மாநிலங்களில் அரசு நடத்தும் பிரைமரிக்கும் அதைக் கேட்டு வாங்கலாம்.

இதெல்லாம் டிரம்ப்பைப் போன்றவர்களைத் தடுக்கும் சூழ்ச்சி என்று சிலர் சொல்லக்கூடும். 2024ஐப் பாருங்கள். நான்கு குற்ற வழக்குகள் தலைக்கு மேல் தொங்கும்போதே, கட்சியின் முதல் வாக்கெடுப்பு நடந்த ஐயோவாவில் அவர் 51 சதவீதம் வாங்கினார். அவரை எதிர்த்துக் கடைசிவரை நின்ற நிக்கி ஹேலி மார்ச் 6இல் ஒதுங்கிக்கொண்டார். விருப்ப வரிசை இருந்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும், ஏனென்றால் அந்த வருஷம் கட்சியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவரைத்தான் விரும்பினார்கள். விரும்பியவரை நிறுத்துவது கட்சியின் உரிமை. ஆனால் ஹேலி விலகி ஏழு வாரத்துக்குப் பிறகும் பென்சில்வேனியா பிரைமரியில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வரிசையில் நின்று அவருக்கு வாக்களித்தார்கள். ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே போனவர்கள் அவர்கள். ஏதோ ஒன்றைச் சொல்ல வந்தார்கள். ஒற்றை வட்டத்தில் அதை முழுதாகச் சொல்ல முடியவில்லை.

2016இல் இந்தச் சீட்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிரம்ப்பே வந்திருக்கலாம், ரூபியோ வந்திருக்கலாம். யார் வந்திருந்தாலும், என் பக்கத்து வீட்டுக்காரரைப் போன்றவர்களின் வாசலுக்கு ஒருமுறையாவது போய்விட்டுத்தான் வந்திருப்பார். பாதி நாட்டின் கோபத்தையே முதலாக வைத்து மேலேறுவதற்கும், பிடிக்காதவர்களிடமும் போய்க் கேட்டு மேலேறுவதற்கும் உள்ள வித்தியாசம் பதவிக்கு வந்த பிறகு தெரியும். நான் பிறந்த நாட்டில் அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

2028 நெருங்குகிறது. டிரம்ப் இரண்டு முறை வென்றுவிட்டார். அரசியலமைப்பின் 22ஆவது திருத்தப்படி அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஆகவே இரண்டு கட்சியிலும் களம் திறந்து கிடக்கும். 2016இல் பதினேழு குடியரசுக் கட்சிக்காரர்கள் நின்றதைப் போல, 2020இல் இருபதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நின்றதைப் போல, மேடை நிறைய ஆட்கள் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் முப்பத்தைந்து சதவீதத்தைத் தீயாகத் திரட்டத் தெரிந்த ஒருவர் இடதில் இருந்தும் வரலாம், வலதில் இருந்தும் வரலாம். விதியைத் திருத்த நேரம் இப்போதுதான்; முதல் வாக்கெடுப்புகள் முடிந்த பிறகு எழுதினால் அது குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகவே இருக்கும்.

என் மகளுக்கு 2028 மார்ச் மாதம் பதினேழு வயதாக இருக்கும். நவம்பருக்குள் பதினெட்டு ஆகிவிடுபவர்கள் பிரைமரியில் வாக்களிக்கலாம் என்று வர்ஜீனியாவில் சட்டம் இருக்கிறது. அதே பள்ளியின் விளையாட்டுக் கூடத்துக்கு அவளை நானே கூட்டிப்போவேன். மேசையில் இருப்பவர் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்பார். எதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இரண்டு பக்கமும் பேசுகிறாள். எந்தச் சீட்டைக் கையில் வாங்கினாலும், தனக்குப் பிடித்தவருக்குப் பக்கத்தில் 1 என்றும், அவர் இல்லாவிட்டால் யார் என்பதற்கு 2 என்றும் போட அதில் இடம் வைத்துக் கொடுங்கள். உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்து வாக்காளர் ஒருத்தி